ஜாக்கி தூக்கும், தாங்காது: வீட்டில் கார் வேலை பார்க்க எதை வாங்கலாம்?

போன தீபாவளி முடிந்த வாரம் சகலை போன் செய்தார். மாடம்பாக்கத்தில் தனி வீடு, வாசலில் மண் தரை, பத்து வருடப் பழைய வேகன் ஆர். "இனிமே ஆயில் மாத்தறது, பிரேக் பேட் மாத்தறது எல்லாம் நானே பாத்துக்கலாம்னு இருக்கேன். எந்த ஜாக்கி வாங்கலாம், சொல்லுங்க" என்றார். "வாசல்ல இன்னும் மண்ணுதானா, சிமெண்ட் போட்டாச்சா?" என்று கேட்டேன். "ஜாக்கியைக் கேட்டா வாசலைக் கேக்கறீங்களே" என்று சிரித்தார்.

அடுத்த சில நாட்களில் திருவான்மியூரில் இருக்கும் பெரியப்பா மகனும் இதையே கேட்டார். அண்ணனிடம் இருப்பது பழைய இன்னோவா. போர்ட்டிகோவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல டைல்ஸ். நான் வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஸ்டில்ட் பார்க்கிங்கில் பேவர் பிளாக், அதன் மேல் ஒரு ஸ்விஃப்ட். மண், டைல்ஸ், பேவர் பிளாக். சென்னையில் கார் நிற்கிற இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றுக்கும் ஒரே ஜாக்கி சரிப்படாது. அவர்கள் இருவருக்கும் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கடையில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது டன் கணக்கு. 2 டன், 3 டன், 5 டன். அதில் குழம்பத் தேவையில்லை. வேகன் ஆர், ஸ்விஃப்ட் மாதிரியான கார்கள் காலியாக 800 முதல் 950 கிலோ வரை இருக்கும். இஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன் சக்கரங்களின் மேல். அப்படியென்றால் ஒரு முன் சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கியின் தலையில் ஏறுவது முந்நூறு கிலோவுக்குள்தான். சின்னக் காருக்கு 2 டன் தாராளம். இன்னோவாவுக்கு 3 டன் எடுத்தால் போதும். எடை தாங்காமல் ஜாக்கி நொறுங்கியது என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஜாக்கி சாய்ந்தது, வழுக்கியது, புதைந்தது, எண்ணெய் கசிந்து தானாக இறங்கியது என்று நிறையக் கேட்டிருக்கிறேன்.

அதனால் ஜாக்கியைத் தூக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாங்குவதற்கு வேறு ஆள் வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு சின்ன வால்வும். வளையம் தேய்ந்தால் கார் மெதுவாக இறங்கும்; வால்வின் பிடி கால் பட்டுத் திரும்பினால் உடனே இறங்கும். தளம் போடும்போது கொத்தனார் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுப்பாரே, அந்த முட்டு மாதிரி அசையாத ஒன்று காருக்குக் கீழே நின்ற பிறகுதான் கையோ தலையோ உள்ளே போகலாம். அந்த முட்டுக்குப் பெயர் ஜாக் ஸ்டாண்டு. என்னைக் கேட்டால் பட்ஜெட்டில் முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும். நம்மில் பலர் நேர்மாறாகச் செய்கிறோம்: பளபளவென்று பெரிய ஜாக்கி வாங்கிவிட்டு, அடியில் இரண்டு செங்கல்லை அடுக்குகிறோம்.

செங்கல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் சுவரில் பரவலாக இறங்கும் பாரத்துக்காகச் செய்தவை. காரின் இரும்பு விளிம்பு ஒரே புள்ளியில் அழுத்தும்போது விரிசல்கூடக் காட்டாமல் பொடிந்துவிடும். கனமான மரக்கட்டை அப்படி இல்லை. அமுங்கும், முனகும், அப்புறம்தான் விடும். நான்கு அங்குலக் கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் அது ஸ்டாண்டுக்குக் கிட்டத்தட்ட சமம். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் தேக்கு நிலைக்கட்டை இதற்கு ரொம்ப நன்றாக இருக்கும்.

டிக்கியில் இருப்பது போதாதா?

காரோடு வரும் கத்தரி ஜாக்கி, பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவதற்கு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதன் அடிப்பாகம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கார் ஒரு அங்குலம் முன்னே பின்னே நகர்ந்தாலும் ஒருக்களித்து மடிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, யாரும் சொல்வதில்லை: அது மரை போட்டுத் தூக்குவது. எண்ணெய் இல்லை, கசிவு இல்லை, நாமாகச் சுற்றாமல் இறங்காது. ஸ்டாண்டு கையில் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை பிரேக் பேட் பார்ப்பவருக்கு டிக்கி ஜாக்கியே போதும். மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்டு வைத்து, அடுத்த பக்கம் தூக்கி ஸ்டாண்டு வைத்து என்று பொறுமையாகச் செய்யலாம்.

பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குப் பாட்டில் ஜாக்கி என்று பெயர். விலை குறைவு, இடத்தை அடைக்காது, லாரிக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் முதலில் அதை வாங்கினேன். இரண்டு தவறு செய்தேன். முதல் தவறு உயரம். பாட்டில் ஜாக்கி முழுக்க இறங்கிய நிலையிலேயே பதினெட்டு, இருபது சென்டிமீட்டர் நிற்கும். ஸ்விஃப்டின் அடிப்பாகமும் தரையும் அதைவிட நெருக்கம். டயரில் காற்று இல்லை என்றால் ஜாக்கி உள்ளேயே நுழையாது. இரண்டாவது தவறு பேவர் பிளாக். எப்படியோ ஒரு இடம் கண்டுபிடித்து இடது முன்பக்கத்தைத் தூக்கி, வீலையும் கழற்றிவிட்டேன். பேவர் பிளாக்குக்கு அடியில் இருப்பது வெறும் மணல். ஜாக்கியின் சின்ன அடிப்பாகம் ஒரே கல்லின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. கல் ஒரு பக்கமாக அமுங்க, ஜாக்கி சாய, கார் டொம் என்று இறங்கியது.

கழற்றிய வீலை அடியில் படுக்க வைத்திருந்தேன். ஒரு பழைய மெக்கானிக் சொல்லிக் கொடுத்த பழக்கம். கார் அதன் மேல் உட்கார்ந்தது. வீல் ரிம்மில் ஒரு கீறல், எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை, வேறொன்றும் நடக்கவில்லை. அந்த வீல் அங்கே இல்லாவிட்டால் பிரேக் டிஸ்க் தரையைத் தொட்டிருக்கும், நடுவில் என் கை இருந்திருக்கலாம். அன்றிலிருந்து ஸ்டாண்டு வைத்த பிறகும் வீலை அடியில் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். காசு செலவில்லாத இரண்டாவது முட்டு அது.

பாட்டில் ஜாக்கி மோசம் என்று சொல்ல வரவில்லை. இன்னோவா, பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி சேஸிஸ் ஃப்ரேம் (அடியில் தனியாக ஓடும் இரும்புச் சட்டம்) உள்ள வண்டிகளில், பின் ஆக்சிலுக்குக் கீழே போதுமான உயரம் இருக்கிறது, அழுத்துவதற்குக் கனமான இரும்பும் இருக்கிறது. அங்கே அது நேராக நின்று நன்றாகவே தூக்கும். தாழ்வான சின்னக் காருக்குத்தான் அது பொருத்தமில்லை.

டிராலி ஜாக்கி என்பது மெக்கானிக் ஷெட்டில் பார்க்கிற, நான்கு சக்கரத்தில் உருளும் நீளமான ஜாக்கி. அடிப்பாகம் அகலம், தலையில் கிண்ணம், கைப்பிடியை அடித்தால் நான்கைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சின்னக் காருக்கு இதுவே நல்ல தேர்வு என்று தயங்காமல் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. இந்த ஜாக்கியின் கை வில் மாதிரி வளைந்து மேலே போகும். கிண்ணம் உயர உயரக் கொஞ்சம் பின்னோக்கியும் நகரும். காரோ ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கிறது. அப்போது நகர வேண்டியது ஜாக்கிதான். அதற்காகத்தான் சக்கரம். தரை வழவழப்பாக, கெட்டியாக இருந்தால் ஜாக்கி தானாக உருண்டு சரி செய்துகொள்ளும். பேவர் பிளாக் இடுக்கில் அந்த இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டால், ஜாக்கி நகராது. கிண்ணம் காரின் விளிம்பிலிருந்து வழுக்க ஆரம்பிக்கும். மண்ணில் கேட்கவே வேண்டாம், சக்கரம் புதைந்து ஜாக்கி கலப்பை ஆகிவிடும்.

தீர்வு எளிது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, இரண்டடிக்கு மூன்றடி. மரக்கடையில் வெட்டுத் துண்டாகவே கிடைக்கும். ஜாக்கி முழுவதும் அதன் மேல் நிற்க வேண்டும், உருள்வதற்கும் இடம் மிச்சம் இருக்க வேண்டும். பேவர் பிளாக்கில் இதைப் போட்ட பிறகு எனக்கு எந்தச் சிக்கலும் வந்ததில்லை. மண் தரைக்கு இதுவும் பத்தாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஜாக்கி அதிகபட்சம் எவ்வளவு உயரம் எட்டும், ஸ்டாண்டு குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் நிற்கும் என்று இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 3 டன் ஸ்டாண்டுகள் பல முழுக்க இறக்கினாலே முப்பது சென்டிமீட்டர் நிற்கும். மலிவான 2 டன் டிராலி ஜாக்கி முப்பத்து மூன்று சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஸ்டாண்டை உள்ளே தள்ள இடம் போதாமல், ஜாக்கிக்கு அடியில் பலகைத் துண்டுகளை அடுக்க ஆரம்பிப்போம். ஆபத்து அங்கேதான் தொடங்கும். ஆரம்ப உயரமும் முக்கியம். இறங்கிய நிலையில் பதினான்கு சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆட்டோமொபைல் கடைகளிலும் அளப்பதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. புதுப்பேட்டையில் பழைய ஜாக்கி மலிவாகக் கிடைக்கும், எனக்கும் அந்தத் தெரு பிடிக்கும். ஆனால் ரப்பர் வளையத்தின் வயது வெளியே தெரியாது. ஸ்பேனர் செட்டு வாங்கலாம், ஜாக்கி வேண்டாம்.

ராம்ப் பற்றி இரண்டு கருத்து உண்டு. காரை ஓட்டியே மேலே ஏற்றிவிடலாம், ஏறக்குறைய ஆறேழு அங்குலம் உயரும். கார் தன் டயரிலேயே நிற்பதால் சாய்வது பற்றிய பயம் இல்லை. ஆயில் மாற்றுவதற்கு மட்டும் என்றால் ஜாக்கியைவிட இதுவே நிம்மதி. ஆனால் வீலைக் கழற்ற முடியாது, அதனால் பிரேக் வேலைக்கு உதவாது. டைல்ஸ் தரையில் இன்னொரு கூத்து: சின்னக் கார்களில் முன் சக்கரம்தான் காரை இழுக்கிறது. அது ராம்ப்பின் நுனியைத் தொட்டதும் மேலே ஏறாமல் ராம்ப்பையே முன்னால் தள்ளும். சில சமயம் ராம்ப் சுவரில் போய் இடிக்கும். அடியில் ரப்பர் விரிப்பு ஒட்ட வேண்டும், வெளியே ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். ஒன்றரை அங்குலப் பலகைகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி ஆணி அடித்து வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. மரத்தில் செய்தது தரையில் அவ்வளவாக வழுக்காது. ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றியதும் காரை இறக்கிச் சமதளத்தில் நிறுத்தித்தான் டிப் ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்க்க வேண்டும். ராம்ப்பில் நின்றபடி பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

சகலைக்கு முதலில் குழி தோண்டும் யோசனை இருந்தது. "பஸ் டெப்போவுல இருக்கிற மாதிரி ஒரு பிட் போட்டுட்டா வாழ்நாள் பூரா கவலையில்லை" என்றார். மாடம்பாக்கத்தில் ஏரி பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது அது குழியாக இருக்காது, கிணறாக இருக்கும். அப்புறம் கொசு. அதைவிடப் பெரிய விஷயம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எங்கே கசிந்தாலும் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். நாம் அதற்குள் நின்றுகொண்டு கிரைண்டரையோ சாதாரண பல்பையோ பயன்படுத்துவோம். பஸ் டெப்போவில் ஓடுவது பெரும்பாலும் டீசல் வண்டி, குழியும் அகலம், காற்றும் ஓடும். வீட்டில் வேண்டாம். வொர்க்ஷாப்பில் இருக்கும் இரட்டைத் தூண் லிஃப்ட் நம் ஸ்டில்ட் பார்க்கிங் கூரைக்குள் அடங்காது. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கும் தோன்றாது: வாட்டர் சர்வீஸ் கடை. பேட்டைக்கு ஒன்றாவது இருக்கும். காரைத் தூக்கித்தான் அடியில் தண்ணீர் அடிப்பார்கள். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போய், கழுவுவதற்கான காசோடு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, "அரை மணி நேரம் மேலேயே இருக்கட்டும்ணே, ஆயில் மாத்திக்கறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஆயில் மாற்றுவதுதான் உங்கள் மொத்த வேலை என்றால், ஜாக்கி, ஸ்டாண்டு, பலகை எல்லாம் வாங்கி வீட்டில் இடம் அடைப்பதைவிட இது புத்திசாலித்தனம். டிப் ஸ்டிக் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்பும் உண்டு. ஃபில்டர் மேலிருந்தே எட்டும் கார்களில் காரைத் தூக்கவே வேண்டாம். எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் வேலைப் பட்டியலில் எத்தனைக்கு உண்மையிலேயே கார் உயர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், ஹெட்லைட் பல்ப் என்று பாதி வேலை நின்றபடியே முடிந்துவிடும்.

ஸ்டாண்டு வாங்கும்போது

இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பல்வரிசை போட்ட தண்டு; தூக்கினால் டக் டக் என்று ஏறி, உள்ளே இருக்கும் நாக்கு ஒரு பல்லில் மாட்டிக்கொள்ளும். மற்றது, தண்டில் வரிசையாக ஓட்டைகள். வேண்டிய உயரத்தில் தடித்த பின்னைச் செருகி விடுவது. பல் வகை வேகம், பின் (pin) வகை மெதுவு. என் ஓட்டு பின் வகைக்கு. மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும், அது ஒன்றே போதும் எனக்கு. பல் வகையில் நாக்கு பாதி ஏறிப் பாதி ஏறாமல் நின்றால் நமக்குத் தெரியாது. இது வெறும் பயமல்ல. 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. தயாரிப்பு அச்சு பழசாகிப் போனதால் பல்லும் நாக்கும் சரியாகப் பொருந்தாமல், பாரம் ஏறியபின் இறங்கிவிடக்கூடும் என்பது காரணம். பதிலுக்குக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு பகுதியையும் வெல்டிங் குறைக்காக அதே ஆண்டில் திரும்ப அழைத்தார்கள். பல் வகைதான் கையில் இருக்கிறது என்றால், பல்லுக்கு மேல் குறுக்கே ஒரு பாதுகாப்புப் பின்னும் போடும்படி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

டன் கணக்கு இங்கே ஒரு தந்திரம் செய்யும். பெட்டியில் 2 டன் என்று இருப்பது சில சமயம் ஜோடிக்கு, சில சமயம் ஒன்றுக்கு. சின்ன எழுத்தில் பார்த்துவிடுங்கள். வெல்டிங் ஓடிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக, விட்டு விட்டு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். கால்களுக்கு அடியில் தட்டையான தகடு இருப்பது நல்லது. கூர்மையான ஆங்கிள் கால்கள் கத்திரி வெயிலில் இளகிய தார் ரோட்டில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். தெருவில் வைத்து வேலை பார்க்க வேண்டிய நிலை என்றால் ஸ்டாண்டுக்குக் கீழேயும் அதே 18 மில்லிமீட்டர் பலகைத் துண்டு வேண்டும்.

எங்கே வைப்பது என்பதுதான் இதில் தலைவலியான பகுதி. கார் கதவுக்கு அடியில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும், தகடு மடிந்து கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுக் குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில்தான் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். ஜாக்கிக்கு இடம் அது. ஸ்டாண்டுக்கும் இடம் அதுதான்! ஒரே இடத்தில் இரண்டும் எப்படி நிற்கும் என்று முதல் நாள் நான் அரை மணி நேரம் காரைச் சுற்றி வந்தேன். டிராலி ஜாக்கியின் பயன் இங்கேதான் தெரியும். அதை முன்னாலிருந்து உள்ளே நீட்டி, நடுவில் குறுக்கே ஓடும் கனமான இரும்புச் சட்டமான கிராஸ் மெம்பரில் கொடுத்துத் தூக்கினால், இரண்டு பக்கக் குறிகளும் ஸ்டாண்டுக்குக் காலியாக இருக்கும். அந்த இடம் ஒவ்வொரு காருக்கும் வேறு, அதனால் மேனுவலில் படம் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தை வைக்க வேண்டும். கண்ணுக்கு முதலில் படுகிற வட்டமான, தட்டையான, வசதியான இடம் பெரும்பாலும் ஆயில் சம்ப், அதாவது இஞ்சின் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி. அங்கே கொடுத்தால் அதோடு முடிந்தது. பின்னால் ஆக்சில் பீமின் நடுவில் தூக்குவதைச் சில கம்பெனிகள் கூடாது என்கின்றன. மின்சாரக் காரில் தரை முழுக்க பேட்டரிதான். எங்கள் மூன்றாவது மாடிக்காரர் தன் நெக்ஸான் இவியைத் தூக்கித் தரச் சொன்னபோது, மேனுவலைக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றேன். அவர் கொண்டு வரவில்லை, நானும் தூக்கவில்லை.

விளிம்பு நசுங்காமல் இருக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை ஜாக்கிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. உப்புக் காற்று அந்த விளிம்பைத்தான் முதலில் தின்னும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பெயிண்ட் பொருக்கு உதிர்ந்து உள்ளே பொடியாக வந்தால், அங்கே ஜாக்கி கொடுக்கக் கூடாது. தூக்கும்போது தகடு காகிதம் மாதிரி மடங்கும்.

டயருக்குக் கட்டை

ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியரும் போட்டாயிற்று, கார் எங்கே போகப் போகிறது என்று நினைப்போம். நம் ஊர்ச் சின்னக் கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் ஹேண்ட் பிரேக்குக்கு வேலை இல்லை. கியர் பிடிப்பது முன் சக்கரங்களை. அதிலும் ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினால், டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் மற்றதை கியர் பிடித்து வைக்காது. ஆக எதைத் தூக்கினாலும், தரையில் நிற்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வேண்டும். லாரி மேட்டில் நின்றதும் கிளீனர் குதித்து இறங்கிக் கட்டை போடுவாரே, அதே கட்டைதான். முன்னால் தூக்கினால் பின்னால் கட்டை, பின்னால் தூக்கினால் முன்னால் கட்டை. தேங்காய் மட்டை, உடைந்த கல் எல்லாம் உருளும். முக்கோணமாக அறுத்த மரக்கட்டை நான்கு போதும். வீல் நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். காரை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஸ்பேனரில் எம்பி மிதிப்பதுபோல் ஆபத்து வேறு இல்லை.

பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகு, உள்ளே போவதற்கு முன் காரின் பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும், காரில் இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்தும் ஆசை எனக்கும் வந்தது. முன்னால் தூக்கினால் பின் ஸ்டாண்டுகள் சாய்கின்றன, பின்னால் தூக்கினால் முன் ஸ்டாண்டுகள் சாய்கின்றன. டயர் மாற்றிப் போட ஒரு ஸ்டெப்னி இருந்தால் அந்தச் சர்க்கஸ் தேவையே இல்லை.

சென்னை வீடுகளுக்கே உரிய ஒன்று சொல்ல வேண்டும். போர்ட்டிகோவுக்குக் கீழே பெரும்பாலும் தண்ணீர் சம்ப் இருக்கும், சில இடத்தில் செப்டிக் டேங்க். ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் அப்படித்தான். கார் நான்கு டயரில் நிற்கும்போது தாங்குகிற மூடி, ஸ்டாண்டின் நான்கு அங்குலக் காலைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. மூடியும் அதைச் சுற்றியுள்ள சட்டமும் எங்கே என்று முதலில் பாருங்கள். அண்ணன் வீட்டில் இன்னோவா நிற்கும் இடத்துக்குச் சரியாக நடுவில் சம்ப் மூடி. பத்து வருடமாக அதன் மேல்தான் நிறுத்துகிறார், அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்திருந்தது.

அண்ணனுக்குக் கடைசியில் சொன்னது: இன்னோவாவைப் போர்ட்டிகோவிலிருந்து வெளியே எடுத்து, கேட்டுக்கு உள்ளே இருக்கும் சிமெண்ட் தளத்தில் நிறுத்துங்கள். 3 டன் டிராலி ஜாக்கி, 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி. பின்னால் ஆக்சில் குழாய்க்குக் கீழேயே ஸ்டாண்டு கொடுக்கலாம், உப்பு தின்ற விளிம்பைத் தொடவே வேண்டாம். அவர் டைல்ஸ் மேலேயே வேலை பார்க்க ஆசைப்பட்டார். ரப்பர் விரிப்பு போட்டாலும் ஆயில் நாலு சொட்டு விழுந்தால் ஸ்டாண்டு, கட்டை, நாம் எல்லோரும் வழுக்குவோம் என்றதும் விட்டுவிட்டார். என் தேர்வு 2 டன் டிராலி ஜாக்கி, பின் வகை ஸ்டாண்டு இரண்டு, இரண்டு பலகை, நான்கு கட்டை. எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே அடங்குகிறது, அசோசியேஷனும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயில் சொட்டினால் மட்டும் செயலாளர் வந்து நிற்பார்.

சகலைக்கு மண் தரையில் எதுவும் சரிப்படவில்லை. மழைக்காலத்தில் பலகையோடு சேர்த்தே அமுங்கும். அதனால் குழிக்கு ஒதுக்கிய பணத்தில் கார் நிற்கும் இடம் வரை கான்கிரீட் போடச் சொன்னேன். நான்கு அங்குல கனம், நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய ஜல்லி மேல், கொஞ்சமும் சரிவில்லாமல். பொங்கல் கழிந்து போட்டார். மூன்றாம் நாளே ஜாக்கியோடு நின்று போட்டோ அனுப்பினார். கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் ஆகும், அதுவும் முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால்தான் என்று எழுதினேன். இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கிறது. வேகன் ஆருக்கு ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நாளைக் காலை வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போகிறாராம், ஃபில்டர் வாங்கி வைத்துவிட்டார்.